அன்னத்தின் முன் வைத்த பால்

நம்மில் பாதிப் பேருக்கு இப்போது பல் இல்லை. மீதிப் பேருக்குக் காது கேட்பதில்லை. இரண்டும் இருக்கிற ஒன்றிரண்டு பேர் கோயிலில் சந்தித்துக்கொண்டால் முழங்கால் வலியையும், பிள்ளைகள் கடிதம் போடாததையும் பற்றித்தான் பேசுகிறோம். என்னைக் கண்டால் மட்டும், "டீச்சருக்கு என்ன, எல்லாத்தையும் ஞாபகத்துல வச்சிருக்காங்க" என்கிறீர்கள். ஞாபகம் இருப்பது நல்லதுதான். ஆனால் அது வேண்டாததையும் சேர்த்தே கட்டி வைத்துக்கொள்கிறது. அறுபது வருஷமாக நான் சுமக்கிற ஒன்றை இன்றைக்கு உங்கள் முன்னால் இறக்கி வைக்கிறேன். கேட்டுவிட்டு என்னைத் திட்டினாலும் சரி.

மழை பொய்த்துப்போன அந்த வருஷத்தை உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. மலேரியாக் காய்ச்சல் வந்து ஊர் ஊராக வாரிக்கொண்டு போனதே, அதற்கு முந்திய மாதங்கள். எனக்கு ஒன்பது வயது. பன்விலவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், வரிசை அறைகளாகக் கட்டிய லயத்தின் கடைசிக் காம்பிராவில் நாங்கள் நாலு பேர் இருந்தோம். அப்பா, அம்மா, நான், மாமா. மாமா என்றால் அம்மாவின் தம்பி. துரை பங்களாவின் மாட்டுப்பட்டி அவர் பொறுப்பில் இருந்தது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "மாட்டு வாடை அடிக்கிறவனுக்கு எவ கழுத்த நீட்டுவா" என்று சிரிப்பார். உண்மையில் அவர் மேல் அடித்தது பச்சைப்புல் வாடை. இன்றைக்கும் எங்காவது புல் வெட்டினால் நான் நின்றுவிடுவேன்.

அந்த வருஷத்துக்கு முந்தின வருஷம் துரைசாணி சீமையிலிருந்து ஒரு சோடி அன்னம் வரவழைத்திருந்தாள். கப்பலில் வந்து, ரயிலில் வந்து, கண்டியிலிருந்து லாரியில் ஏறி, மரக்கூண்டுக்குள் சேறும் வைக்கோலுமாக வந்து இறங்கின. பங்களாவுக்குக் கீழே ஒரு குளம் இருந்தது. அதில் விட்டார்கள். செய்தி கேட்டு மூன்று லயமும் திரண்டு வந்துவிட்டது. அன்னம் என்றால் நமக்கெல்லாம் கோயில் திரைச்சீலையில் பார்த்ததுதானே? மயில் வால், சிவப்பு மூக்கு, கழுத்தில் முத்து மாலை. இங்கேயோ வாலும் இல்லை, மாலையும் இல்லை.

"இதுவா அன்னம்? பெரிய சைசு தாரா வாத்து" என்று ஒருவர் சொன்னார்.

கங்காணி வீட்டம்மா அவரை முறைத்துவிட்டு, கற்பூரம் ஏற்றிய தட்டோடு கரைக்கு இறங்கினாள். ஆண் அன்னம் கழுத்தை நீட்டி, உலையில் தண்ணீர் பட்டதுபோல் சீறிக்கொண்டு ஓடி வந்தது. தட்டு ஒரு பக்கம், அம்மாள் ஒரு பக்கம். அதற்குப் பிறகு யாரும் அதைத் தாரா என்று சொல்லவில்லை. கோபக்காரச் சாமி என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

எனக்கு அவற்றைப் பார்த்துச் சலித்ததே இல்லை. எவ்வளவு பெரிய பறவை! நின்றால் கழுத்து என் தலைக்கு வரும். மூக்கு மஞ்சளும் சிவப்பும் கலந்த நிறம். மூக்கு தொடங்குகிற இடத்தில் கறுப்பாக ஒரு குமிழ். ஆணுக்குக் குமிழ் பெரிது, பெட்டைக்குச் சிறிது. தண்ணீரில் போகும்போது அரசகுமாரி மாதிரி இருக்கும். கரையேறிவிட்டால் அந்த அழகெல்லாம் போய், கறுத்த அகலப் பாதங்களைப் பரப்பி, பிள்ளைத்தாய்ச்சி மாதிரி அசைந்து அசைந்து நடக்கும். பாசி தின்ன வேண்டுமென்றால் தலையைத் தண்ணீருக்குள் விட்டு வாலை வானத்துக்குக் காட்டும். அதைப் பார்த்து நாங்கள் சிரித்த சிரிப்புக்கு அளவே இல்லை. சில வேளை ஒரு காலை முதுகில் மடித்துப் போட்டுக்கொண்டு மிதக்கும். ஒன்று தூரப் போனால் மற்றது பின்னாலேயே போகும். பெரிதாகக் கத்தாது. சீறும், இல்லாவிட்டால் தொண்டைக்குள் முனகும்.

அந்த ஆண் அன்னம் பக்கத்தில் அண்ட விட்ட ஒரே மனுஷன் என் மாமா. பட்டியிலிருந்து புல் வெட்ட வருகிறவர், குளக்கரையில் உட்கார்ந்து பங்களாவில் மிஞ்சிய பாண் ரொட்டித் துண்டைத் தண்ணீரில் நனைத்து நீட்டுவார். முதலில் கையைக் கொத்தியது. ஒரு மாதம் போனதும் "வா ராசா" என்று கூப்பிட்டால் குளத்தின் மறுகரையிலிருந்து வரும். ஒருநாள் அதன் சிறகை விரித்து எனக்குக் காட்டினார். ஒரு பக்கம் முழுதாக இருந்தது. மறுபக்கம் நுனி இல்லை.

"குஞ்சுலயே வெட்டிப்புட்டாங்க புள்ள. பறக்க ஏலாது. நம்மள மாதிரித்தான். கப்பல்ல ஏத்திக் கொண்டாந்து, திரும்பிப் போக முடியாம ஆக்கிப்புட்டாங்க" என்றார்.

"அன்னம் பாலையும் தண்ணியையும் பிரிச்சிடுமாமே, நெசமா மாமா?"

"பின்ன? அது பொய் தெரியாத சாதி. தண்ணி கலந்து வச்சா, பாலை மட்டும் உறிஞ்சிக்கிட்டுத் தண்ணிய ஒதுக்கிடும். பெரியவங்க சும்மாவா சொல்லி வச்சாங்க?"

அவர் சொன்னால் எனக்கு அது வேதம். தோட்டத்தில் ஒருவருக்கும் அதில் சந்தேகம் இருக்கவில்லை. இப்போது என் பேத்தி கேட்டால் விழுந்து விழுந்து சிரிப்பாள். அவள் சிரிக்கட்டும்.

பங்களாவுக்குப் பால் கொண்டுபோவது என் வேலை. காலையில் மாமா கறந்து, பித்தளைத் தூக்குவாளியில் கழுத்துவரைக்கும் ஊற்றி மூடித் தருவார். நான் குறுக்குப் பாதையில் இறங்கி, மலைத்தண்ணீர் விழுகிற பீலியைத் தாண்டி, குசினிப் பக்கமாகப் போய் அப்புவிடம் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போவேன். அப்பு என்றால் பங்களாச் சமையலுக்குத் தலைமைக்காரர். வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு, ஆடி மாதம் கோயிலில் கதை வாசிக்கிற மனுஷர். பொல்லாதவர் இல்லை. அவரைப் பொல்லாதவராக்கினால் என் கதை எனக்குச் சுலபமாகிவிடும்; ஆனால் அவர் அப்படி இல்லை.

மழை வரவில்லை. புல் பொசுங்கியது. குளம் சுருங்கி, கரையோரம் சேறு வெடித்தது. மாடுகள் எலும்பும் தோலுமாகி, பால் குறைந்து நீர்த்தும் போனது. துரைசாணி தேநீர்க் கோப்பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, அவளுக்குத் தெரிந்த தோட்டத் தமிழில், "அப்பு, பால் தண்ணி. யார் தண்ணி போட்டது? நீ பார்" என்றாளாம். இரண்டு மூன்று தரம் சொல்லிவிட்டாள். அப்பு அன்று சாயந்தரம் பட்டிக்கே வந்து மாமாவிடம் கேட்டார். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. என்னிடம் அப்போது யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என் வாழ்க்கை வேறாக இருந்திருக்கும்.

மாமா கோபப்படவில்லையாம். "என்னைய நம்ப வேணாம் அப்பு. காலைல வர்ற பாலை ராசா முன்னால வைங்க. அது சொல்லட்டும்" என்றாராம். அப்புவுக்கும் அது பெரிய நியாயமாகப் பட்டிருக்கிறது. இன்றைக்கென்றால் ஒரு கண்ணாடிக் குழாயை விட்டுப் பார்த்து முடித்திருப்பார்கள். எங்களுக்கோ கண்ணெதிரே அன்னம் இருந்தது.

மறுநாள் காலையில் மாமா வாளியை நிரப்பித் தந்தபோது அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் தெரிந்தது. "கழுத்து அளவுக்கு இருக்கு. ஒரு சொட்டு சிந்தாமக் கொண்டா தாயி. நான் கொளத்துக்கு முன்னாடி போறேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். ஏன் குளத்துக்கு என்று நான் கேட்கவில்லை.

பாதையெல்லாம் காய்ந்த சரளை. பீலிக்குப் பக்கத்துக் கல்படியில் கால் வழுக்கி, வாளியோடு விழுந்தேன். முழங்கை சிராய்த்தது. மூடி கழன்று உருண்டது. நான் எழுந்து வாளியை நிமிர்த்துவதற்குள் கால்வாசிப் பால் மண்ணுக்குள் இறங்கிவிட்டது. அந்த வெள்ளைக் கறை கண் முன்னாலேயே மங்கிப் போனது. வாளியின் வயிற்றில் ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. ஏற்கெனவே பால் குறைவென்று பங்களாவில் ஏசுகிறார்கள். அளவு குறைந்தால் மாமாவைத்தான் கேட்பார்கள் என்று பயந்தேன். நான் திட்டு வாங்குவதற்கும் பயந்தேன், அதை மறைக்கவில்லை. பீலியில் நூலாக ஒழுகிக்கொண்டிருந்த தண்ணீருக்குக் கீழே வாளியைப் பிடித்தேன். கழுத்துவரைக்கும் நிறைய வெகு நேரம் எடுத்தது. மாமாவைக் காப்பாற்றுகிறேன் என்றே நினைத்துக்கொண்டு நின்றேன்.

குசினிக்குப் போனால் யாரும் இல்லை. குளக்கரையில் கூட்டம். அப்பு, தோட்டக்காரர், கங்காணி, கொழுந்து பறிக்கப் போகிற வழியில் நின்ற நாலைந்து பெண்கள். மேலே வராந்தாவில் துரைசாணி கதிரையில் உட்கார்ந்து சிரித்தபடி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். கரையில் ஒரு வெள்ளைப் பீங்கான் பேசின் கழுவி வைத்திருந்தது.

"வந்துருச்சு பாருங்க, எம் மருமவ" என்றார் மாமா. "புள்ள பத்திரமாக் கொண்டாந்துரும். ஒரு வருசமா சொட்டு சிந்துனதில்ல."

அப்பு என் கையிலிருந்து வாளியை வாங்கி, பாலைப் பேசினில் ஊற்றிவிட்டு, வாளியைத் திரும்ப என்னிடமே தந்தார். என்ன நடக்கப்போகிறது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. நசுங்கிய பக்கத்தைப் பாவாடையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

"வா ராசா" என்றார் மாமா.

அது சேற்றில் பாதம் அறைய அறைய வந்தது. தலையைச் சாய்த்து, ஒரு கண்ணால் பேசினைப் பார்த்தது. பிறகு என்னைப் பார்த்தது. அப்படித்தான் எனக்குத் தோன்றியது. மூக்கைப் பாலுக்குள் விட்டு வேகமாக அளைந்தது, நிமிர்ந்தது. மூக்கின் இரண்டு பக்கத்து ஓரத்திலிருந்தும் மெலிதாக, வெளிறிய நீர் வழிந்து மண்ணில் விழுந்தது. மறுபடி அளைந்தது, மறுபடி வழிந்தது. மூன்றாம் தரம் தலையை உதறிச் சீறிவிட்டு, கறுத்த பாதத்தைப் பேசினுக்குள் வைத்துக் கவிழ்த்துவிட்டுக் குளத்துக்குத் திரும்பியது.

கொழுந்துக்காரி ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"பாத்தீங்களா?" என்றார் அப்பு. குரலில் சந்தோஷம் இல்லை. "தண்ணிய ஒதுக்கிருச்சு. என்னாப்பா இது? நீயே கேட்டு வச்ச சோதனை."

நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். ஆனால் மாமாவின் முகத்தைப் பார்த்ததும் சொல் வரவில்லை. அவர் கோபப்பட்டிருந்தால், சண்டை பிடித்திருந்தால், நான் சொல்லியிருப்பேன். அவர் மண்ணில் கிடந்த ஈரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான் ஊத்தல அப்பு. ஆனா அது சொல்லுதே. அது பொய் சொல்லாதே" என்றார். குனிந்து, கவிழ்ந்த பேசினை நிமிர்த்தினார். "ராத்திரி வாளியக் கழுவிக் கவுக்க மறந்திருப்பேன். கழுவுன தண்ணி உள்ளுக்கே நின்னுருக்கும். எம் பெசகுதான்."

கால்வாசி வாளித் தண்ணீர் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே நிற்குமா? ஆனால் அவருக்கு வேறு வழி தெரியவில்லை. தன்னைச் சந்தேகப்பட அவரால் முடிந்தது. அன்னத்தைச் சந்தேகப்பட முடியவில்லை. வழியில் என்ன நடந்தது என்று என்னை யாரும் கேட்கவில்லை. என் கையிலேயே சாட்சி இருந்தது. எல்லாரும் குளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்பு மேலே போய் இங்கிலீசில் ஏதோ சொன்னார். துரைசாணி சிரிப்பதை நிறுத்தினாள். அவளுக்கு அன்னத்தின் சங்கதி விளங்கியதோ என்னவோ, பாலில் தண்ணீர் என்பது மட்டும் விளங்கிவிட்டது. மறுநாள் காலைப் பிரட்டில், எல்லாத் தொழிலாளிகளும் வரிசையில் நிற்க, துரை மாமாவை முன்னால் கூப்பிட்டார். "நீ கள்ளன். போ" என்றார். அவ்வளவுதான். பத்துச்சீட்டைக் கையில் கொடுத்து வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். பக்கத்துத் தோட்டங்களிலும் அவரை எடுக்கவில்லை. கங்காணி இரக்கப்பட்டு, குருநாகல் பக்கம் ஒரு தென்னந்தோட்டத்தில் மாடு மேய்க்க ஆள் தேடுவதாகச் சொன்னார்.

அம்மா அதற்குப் பிறகு இரண்டு நாள் அடுப்பை மூட்டவில்லை. "எந் தம்பி அப்பிடிச் செய்யமாட்டான்" என்பாள். சற்று நேரம் கழித்து, "ஆனா அன்னம் சொல்லிருச்சே" என்று தலையில் கை வைத்துக்கொள்வாள். அவள் சாகும்வரை அந்த இரண்டு வாக்கியத்துக்கும் நடுவிலேதான் இருந்தாள். பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போனால், "தண்ணிப்பால்காரன் அக்கா வருது" என்று பெண்கள் விலகி நிற்பார்கள். விலகி நின்றவர்களுக்குப் பின்னால் நானும் குடத்தோடு நிற்பேன்.

மாமா புறப்பட்ட அன்று பன்வில பஸ்வரைக்கும் நாங்கள் நடந்து போனோம். ஒரு துணி மூட்டையும் புல்வெட்டுக் கத்தியும்தான் அவர் சாமான். வாளியை மட்டும் வழி முழுக்கக் கையில் வைத்திருந்தார். அது அவருடைய சொந்த வாளி. பஸ் வந்ததும் அதை என்னிடம் நீட்டினார். அப்போது அவருடைய கட்டைவிரல் அந்த நசுங்கலில் போய் உட்கார்ந்தது. தடவிப் பார்த்தார்.

"எங்கயோ இடிச்சிருக்கு பாரு" என்றார்.

அம்மா மூட்டையைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டிருந்தாள். நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான். கடவுள் எனக்கென்று ஒரு நிமிஷத்தை ஒதுக்கித் தந்தார் என்றால் அது அதுதான்.

"ஆமா மாமா. இடிச்சிருக்கு" என்றேன்.

"பரவால்ல. கழுவுனா கவுத்து வை தாயி. நான் மறந்த மாதிரி மறந்துறாத."

பஸ் வளைவில் திரும்பும்வரை அவர் தலை வெளியே தெரிந்தது.

அதற்குப் பிறகும் ஆண் அன்னம் காலையில் கரைக்கு வந்து நின்றது. புதிதாக வந்த மாட்டுக்காரன் பாண் போடவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, முனகிக்கொண்டு இறங்கிப் போகும். நான் தூரத்தில் நின்று பார்ப்பேன். கிட்டே போகப் பயம். அதற்கு எல்லாம் தெரியும், என்னைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று பயம். குளம் சேறும் சகதியுமாகச் சுருங்கியபோது, இரண்டையும் தேயிலைப் பெட்டிகளில் வைத்து லாரியில் ஏற்றினார்கள். கண்டிப் பக்கம் யாரோ ஒரு துரையின் குளத்துக்கென்று சொன்னார்கள். பெட்டிக்கு மேலே இரண்டு வெள்ளைக் கழுத்துகள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. அவை போனதில் எனக்கு நிம்மதி. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

காய்ச்சல் கீழ்நாட்டில் பரவிய விதம் உங்களுக்குத் தெரியும். நம் மலைக்கு அது அவ்வளவாக ஏறவில்லை. இங்கே இருந்திருந்தால் பிழைத்திருப்பார். தைப்பொங்கலுக்கு முன்னால், அந்தத் தென்னந்தோட்டத்தில் அவரோடு இருந்த ஓர் ஆள் வந்து கத்தியையும் ஒரு துண்டையும் அம்மாவிடம் கொடுத்தார். மூன்று நாள் காய்ச்சல், நாலாம் நாள் இல்லை. நினைவு தப்புவதற்கு முன் ஒன்று சொல்லி அனுப்பியிருந்தார்: "பங்களா அம்மாகிட்ட என்னைய மன்னிக்கச் சொல்லுங்க. வேணும்னு செய்யல. வாளியில தண்ணி நின்னுருச்சு."

அம்மா துண்டை மூக்கில் வைத்து அழுதாள். நான் வாளியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். அழக்கூட எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது.

பிறகு நான் படித்தேன், கண்டியில் ஆசிரியையானேன், உங்களோடெல்லாம் சேர்ந்து கிழவியும் ஆனேன். அந்த வாளி ஒரு வீடு மாறும்போது தொலைந்துவிட்டது. இத்தனை வருஷமும் யாரிடமும் சொல்லாமல் இருக்க எனக்கு ஒரு விசித்திரமான தைரியம் இருந்தது. உண்மை தெரிந்தது எனக்கு மட்டும் இல்லை, அன்னத்துக்கும் தெரியும். அது அதைச் சொல்லியும் விட்டது. மனுஷர்கள்தான் ஆளை மாற்றிப் புரிந்துகொண்டார்கள். இப்படி நினைத்தால் பாரம் பாதியாகும். ஏறக்குறைய நாற்பது வருஷம் அப்படித்தான் தூங்கினேன்.

ஒரு முறை பள்ளிப் பிள்ளைகளைக் கொழும்பில் மிருகங்கள் பார்க்கக் கூட்டிப் போனோம். அங்கே ஒரு தடாகத்தில் அன்னங்கள் இருந்தன. அதே குமிழ், அதே சீறல். தீனி போடுகிற ஆள் பாண் துண்டுகளைத் தண்ணீரில் வீசினார். ஒன்று கரையோரம் வந்து மூக்கை விட்டு அளைந்தது, நிமிர்ந்தது. மூக்கின் இரண்டு பக்கத்து ஓரத்திலிருந்தும் தண்ணீர் வழிந்தது. மறுபடி அளைந்தது, மறுபடி வழிந்தது. நான் அந்த ஆளின் பக்கத்தில் போனேன்.

"ஏன் அப்பிடி வழியுது?" என்று கேட்டேன்.

"மூக்கு ஓரத்துல சீப்பு மாதிரி பல்லு இருக்கு நோனா" என்றார் அந்த மனுஷர், பாதிச் சிங்களத்தில். "தீனி உள்ளுக்கு நிக்கும், தண்ணி வெளிய போகும். எப்பவும் அப்பிடித்தான்."

"பால் வச்சா?"

அவர் சிரித்தார். "பால் வச்சாலும் அப்பிடித்தான் வழியும். அதுக்கு என்ன தெரியும், பாவம்."

பிள்ளைகள் என் கையைப் பிடித்து இழுத்தார்கள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நல்ல பாலை வைத்திருந்தாலும் அது அப்படித்தான் வழியவிட்டிருக்கும். மாமா எப்படியும் தோற்றிருப்பார். அதைக் கேட்டால் எனக்கு ஆறுதலாக இருக்குமென்று நீங்கள் நினைக்கலாம். நானும் ஒரு கணம் அப்படி நினைத்தேன். ஆனால், "விழுந்துட்டேன் மாமா, நான்தான் தண்ணி ஊத்துனேன்" என்று நான் சொல்லியிருந்தால் அன்னம் எப்படி வழியவிட்டிருந்தாலும் அவர் தப்பியிருப்பார். அந்தப் பறவைக்குப் பாலும் தெரியாது, தண்ணீரும் தெரியாது, என்னையும் தெரியாது. அன்று அந்தக் குளக்கரையில் உண்மை தெரிந்த உயிர் ஒன்றே ஒன்றுதான். அது வாளியின் நசுங்கிய பக்கத்தைப் பாவாடையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் நின்றது.